நடுப்பகலில் திரும்பி வர முடிகிற அறை: ஜப்பானில் ஒரு குடும்பத்தின் 9 இரவுகள்

பின்னணி

2025 மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஜப்பானுக்குப் போய்வந்தது. கணவன், மனைவி இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 7. கூடவே கணவரின் அம்மா. அவருக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படி ஏறிவிடுவார், இறங்கும்போது கைப்பிடி வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும். பாட்டியும் மருமகளும் சுத்த சைவம். மற்ற மூவரும் முட்டை, கோழி சாப்பிடுவார்கள்.

நான் டோக்கியோவில் 6 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். தெரிந்தவர்கள் ஜப்பான் போகும்போது எங்கே தங்கலாம் என்று என்னிடம் கேட்பது வழக்கம். இந்தக் குடும்பமும் அப்படித்தான் பிப்ரவரியில் கேட்டது. தங்குவதற்கு மட்டும் 9 இரவுக்கு 1,80,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். அப்போது 100 யென்னுக்கு ஏறத்தாழ 58 ரூபாய். அதாவது 3,10,000 யென், இரவுக்கு 34,000 யென் சொச்சம். ஐந்து பேருக்கு இது தாராளமும் இல்லை, முடியாத தொகையும் இல்லை.

அவர்கள் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். சரியாக முடிந்தவற்றோடு நான் தவறவிட்டவற்றையும் எழுதியிருக்கிறேன்.

அவர்கள் கையில் இருந்த பட்டியல்

என்னிடம் வருவதற்கு முன்பே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மூன்று இடங்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். மே 1 முதல் 10 வரை. மொத்தம் 2,12,000 ரூபாய் ஆகியிருந்தது. எங்கே குறைக்கலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி.

முதலாவது, டோக்கியோ ஷிஞ்ஜுகுவில் இரண்டு அறைகள், 4 இரவு. இரண்டுமே 'செமி டபுள்'. ஜப்பானில் இந்தச் சொல்லுக்கு 120 சென்டிமீட்டர் அகலக் கட்டில் என்று பொருள். 'டபுள்' என்றாலே பெரும்பாலும் 140தான். நம் ஊர் டபுள் கட்டிலை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும் திகைத்து நிற்பார்கள். அறையின் பரப்பு 12 சதுர மீட்டர் என்று போட்டிருந்தது. இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. அதோடு ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று பதிந்து, பையனை உடன் படுக்க வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அங்கே அது நடக்காது. எத்தனை பேர் என்று எழுதினோமோ அத்தனை பேர்தான் தங்கலாம். வெளிநாட்டுப் பயணிகளின் பாஸ்போர்ட்டை ஒவ்வொன்றாக வாங்கி நகல் எடுப்பார்கள். சின்னக் குழந்தையைப் பெற்றோர் கட்டிலிலேயே இலவசமாகப் படுக்க வைத்துக்கொள்ளப் பல விடுதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் எந்த வயது வரை என்பது இடத்துக்கு இடம் மாறும். சிலர் பள்ளியில் சேரும் வயதோடு நிறுத்திவிடுவார்கள், சிலர் தொடக்கப்பள்ளி முடியும்வரை விடுவார்கள். அதைப் பதிவு செய்யும்போதே சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, கியோட்டோவில் மச்சியா எனப்படும் பழைய மரவீடு, முழு வீடும் அவர்களுக்கே, 3 இரவு. படத்தில் மிக அழகாக இருந்தது. மருமகளுக்கு அதில்தான் மனம். ஆனால் படுக்கை மாடியில். மாடிப்படி ஏணியைப் போலச் செங்குத்து. எல்லோருக்கும் தரையில் விரிக்கும் ஃபுத்தோன் மெத்தை. பாட்டியிடம் போனில் இதை விளக்கினேன். "தரையில படுத்தா நான் எந்திரிக்க முடியாது கண்ணு, அவங்க ஆசைப்பட்டாங்கன்னு சும்மா இருந்தேன்" என்றார். அதுவரை அந்த வீட்டில் யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவது, ஒசாகாவில் ஒரு தனியார் குடியிருப்பு, 2 இரவு. மூன்றிலும் இதுதான் மலிவு. பட்டியலில் உரிம எண் எதுவும் இல்லை. ஜப்பானில் வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கான சட்டம் 2018 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி பதிந்த வீட்டை ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் விட முடியாது. விடுதி உரிமத்தில் நடக்கும் வீடுகளும், ஒசாகா போன்ற இடங்களில் சிறப்பு மண்டல விதியில் நடக்கும் வீடுகளும் உண்டு. எதுவாக இருந்தாலும் ஓர் எண் இருக்க வேண்டும். சட்டம் வந்த சமயத்தில் எண் இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகள் இணையத்திலிருந்து ஒரேயடியாக நீக்கப்பட்டன. முன்பதிவு செய்திருந்தவர்கள் கடைசி நேரத்தில் வேறு இடம் தேடி அலைந்தார்கள். எண் இல்லாத இடத்தை, எவ்வளவு மலிவானாலும், குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

முதலில் மாற்றியது தேதியை

அறையை மாற்றுவதற்கு முன் தேதியைப் பார்த்தோம். ஏப்ரல் 29-இல் தொடங்கி மே முதல் வாரம் வரை ஜப்பானில் விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். 'கோல்டன் வீக்' என்பார்கள். 2025-இல் மே 3 முதல் 6 வரை தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை. உள்ளூர்க்காரர்களே கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் நாட்கள். ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களை நினைக்கும் ஓபோன், புத்தாண்டு, மார்ச் கடைசியில் தொடங்கும் செர்ரிப் பூக்காலம், நவம்பர் பிற்பகுதியில் கியோட்டோவின் இலையுதிர் நிறக்காலம் எல்லாமே இப்படித்தான்.

குழந்தைகளுக்கு ஜூன் வரை விடுமுறை. விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. மே 12-க்குத் தள்ளினால் என்ன என்று கேட்டேன். அதே மூன்று இடங்களையும் புதிய தேதிக்குப் போட்டுப் பார்த்தபோது தொகை 1,45,000-க்கு இறங்கியது. எதையும் மாற்றாமல், 11 நாள் தள்ளியதற்கு மட்டும் 67,000 ரூபாய். அறை தேடுவதில் பல மணி நேரம் செலவழித்து இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பிடிப்பதைவிட இந்த ஒரு கேள்வியை முதலில் கேட்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் வாரநாள். ஜப்பானில் சனிக்கிழமை இரவுக்கு விலை தனி. கியோட்டோவில் நாங்கள் பார்த்த இடங்களில் அது மற்ற இரவுகளைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. டோக்கியோவிலும் ஏறியிருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே சனிக்கிழமையை டோக்கியோவிலேயே கழித்துவிட்டு, ஞாயிறு அன்று கியோட்டோ போவது என்று வைத்தோம். டோக்கியோ 6 இரவு, கியோட்டோ 3 இரவு.

ஒசாகாவில் தங்குவதை விட்டுவிட்டோம். ஏப்ரல் 13 முதல் அக்டோபர் 13 வரை அங்கே உலகக் கண்காட்சி நடக்கவிருந்தது. உரிமம் உள்ள, ஐந்து பேர் தங்கக்கூடிய எந்த இடமும் எங்கள் தொகைக்குள் வரவில்லை. கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்கு வேக ரயிலில் அரை மணி நேரம்தான். வேண்டுமென்றால் ஒருநாள் போய்வரலாம்.

டோக்கியோ: எந்தப் பக்கம்?

இதில்தான் நிறைய நேரம் போனது.

ஷிஞ்ஜுகு எல்லாருக்கும் தெரிந்த பெயர். நரிதா விமான நிலையத்திலிருந்து நேரடி ரயிலும் உண்டு. ஆனால் உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் ரயில் நிலையம் அது. 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்தால் சரியான இடத்துக்கு வர கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். இளைஞர்களுக்கு அதுவும் ஓர் அனுபவம். பாட்டிக்கு அந்த நாளுக்கான நடை அங்கேயே தீர்ந்துவிடும்.

கணவருக்கு நிஷிகசாய் பக்கம் ஆசை. "ஏனுங்க, நம்ம ஆளுங்க இருக்கற ஏரியாவுல தங்கினா சாப்பாட்டுக்குக் கவலையில்லை பாருங்க" என்றார். 2000-ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறிய பகுதி அது. மளிகைக் கடை, உணவகம் எல்லாம் உண்டு. நான் இருந்ததும் அந்தப் பக்கம்தான், மனத்துக்கு நெருக்கமான இடம். ஆனாலும் வேண்டாம் என்றேன். அது மக்கள் குடியிருக்கும் பகுதி. விடுதிகள் குறைவு. நகரத்துக்குள் போக தோஸாய் ரயில் தடத்தை நம்ப வேண்டும். காலை நெரிசலுக்கு ஜப்பான் முழுவதும் பேர்போன தடங்களில் அதுவும் ஒன்று. குழந்தையையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு எட்டரை மணிக்கு அதில் ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் உவேனோவுக்கும் ஒகாச்சிமாச்சிக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். நரிதாவிலிருந்து ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்தில் நேராக உவேனோவில் கொண்டுவந்து விடும். நகரைச் சுற்றி வரும் யமனோதே தடத்தின் நிலையங்கள் இரண்டுமே அருகில். கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயில் ஏறும் டோக்கியோ நிலையம் பத்து நிமிடத்துக்குள். ஒகாச்சிமாச்சி நகை, ரத்தினக் கற்கள் வியாபாரம் நடக்கும் இடம். அந்தத் தொழிலில் இருக்கும் இந்திய ஜைனர்கள் பல காலமாக அங்கே இருப்பதால் சுத்த சைவச் சாப்பாடு நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். நிஷிகசாயில் கணவர் தேடியது இங்கேயே இருந்தது. தெருக்கள் சமதளம்.

ஆனால் இந்தப் பகுதியை நான் அழுத்திச் சொன்னதற்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டோக்கியோவில் சுற்றிப் பார்க்கிறவர்கள் ஒரு நாளில் 15,000 அடி சர்வசாதாரணமாக நடந்துவிடுவார்கள். பாட்டி ஊரில் எவ்வளவு நடக்கிறார் என்று பேத்தியை விட்டு ஒரு வாரம் போனில் பார்க்கச் சொன்னேன். 5,000-இலிருந்து 6,000 வரை. அப்படியென்றால் காலையில் எல்லோருடனும் ஓர் இடம் போவார், மதியம் அறைக்குத் திரும்பிக் காலை நீட்டிப் படுப்பார், முடிந்தால் மாலையில் மறுபடி வருவார். நடுப்பகலில் திரும்பி வர முடியாத அறை அவருக்குப் பயன்படாது. ஊருக்கு வெளியே மலிவாகத் தங்கினால், காலையில் கிளம்பினவர் இரவுவரை எங்காவது பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அறையிலேயே கிடக்க வேண்டும். இரண்டுக்குமாக அவரை அவ்வளவு தூரம் கூட்டிப்போக வேண்டியதில்லை.

இதை வைத்தே ஒவ்வொரு அறையையும் பார்த்தோம். ஜப்பானிய விளம்பரங்களில் 'நடந்து 5 நிமிடம்' என்றால் வழக்கமாக நிமிடத்துக்கு 80 மீட்டர் என்ற கணக்கு. சிக்னலில் நிற்பதும் படியும் அதில் சேராது. பாட்டிக்கு அதை இரண்டால் பெருக்கினோம். எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்பதை நிலைய வரைபடத்தில் பார்த்து, அங்கிருந்து தூரத்தை அளந்தோம். அருகிலுள்ள வாசலில் படி மட்டும் இருந்தால் அந்த வாசலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சுரங்க ரயில்களிலும் வித்தியாசம் உண்டு. 1927-இல் திறந்த கின்ஸா தடம் தரைக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. பிற்காலத்தில் கட்டிய ஓயெதோ தடம் மிக ஆழம். அதன் ரொப்பொங்கி நிலையத்தில் நடைமேடை 42 மீட்டர் கீழே. வரைபடத்தில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முழங்காலுக்கு இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

இடம் கிடைத்தது. ஒகாச்சிமாச்சியிலிருந்து 6 நிமிடம், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், கட்டிலும் சிறிய சமையலறையும் உள்ள குடியிருப்பு வகை விடுதி. ஐந்து பேரும் ஒரே கதவுக்குள். சாதாரண நாளுக்கு 30,000 யென், சனிக்கிழமைக்கு 38,000. ஆறு இரவுக்கு 1,88,000 யென்.

சமையலறை ஏன் என்று சொல்ல வேண்டும். ஜப்பானில் காய்கறி உணவு என்று தருவதிலும் சூரை மீனில் எடுத்த தாஷி சாறு கலந்திருக்கும். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த கீரையின் மேல் ஊற்றும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். ஆகவே 'காலை உணவு இலவசம்' என்ற விடுதிகள் இவர்களில் இருவருக்கு லாபமில்லை. சாப்பாடு சேராத வெறும் தங்கல், அங்கே 'சுதோமாரி' என்பார்கள், அந்த விலையையே எல்லா இடத்திலும் பார்த்தோம்.

கியோட்டோ: மச்சியாவை விட்டது

மருமகளுக்கு இது வருத்தம்தான். ஆனால் பாட்டி சொன்னதைக் கேட்டபின் அவரே ரத்து செய்துவிட்டார்.

கியோட்டோவில் பார்க்கும் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. கோயில்களுக்கு அருகில் தங்குவதா, நிலையத்துக்கு அருகில் தங்குவதா என்பது பலருக்கும் வரும் குழப்பம். நகரப் பேருந்துகளில் நெரிசல் தாங்காமல், பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டையே 2024 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். பேருந்தை நம்பித் தங்குவது பாட்டிக்கு ஒத்துவராது. நிலையத்தின் தெற்குப் பக்கம், ஹச்சிஜோ வாசல் அருகே, நடந்து 5 நிமிடத்தில் சாதாரண பிசினஸ் ஹோட்டலில் இரண்டு அறைகள் எடுத்தோம். ஒன்றில் மூன்று கட்டில், இன்னொன்றில் இரண்டு. இரண்டும் சேர்த்து இரவுக்கு 31,000 யென். தெற்குப் பக்கத்தில் பழைய கியோட்டோவின் அழகு கிடையாது. விலையும் அதனால்தான் குறைவு. அழகை ரயிலேறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மூன்று கட்டில் அறையை முதலில் அவர்கள் தேர்ந்தெடுத்தபோது, அது புகைப்பவர்களுக்கான அறை. இரவுக்கு 2,000 யென் குறைவாக இருந்ததன் காரணம் அதுதான். ஜப்பானிய விடுதிகளில் இப்படிப்பட்ட அறைகள் இன்னும் இருக்கின்றன. ஒரே ஒரு சின்னக் குறியீட்டில்தான் தெரியும். மாற்றிப் பதிந்தோம். இரண்டு அறைகளும் ஒரே மாடியில் வேண்டும் என்று மின்னஞ்சலும் அனுப்பினோம்.

பெட்டிகளும் ரயிலும்

மூன்று பக்க அளவையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ–கியோட்டோ ஷிங்கான்சென்னில் தனி இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இவர்களிடம் அப்படி இரண்டு பெட்டிகள். அவற்றை முந்தைய நாளே கூரியரில் கியோட்டோ விடுதிக்கு அனுப்பச் சொன்னேன். 'தக்யூபின்' என்று அங்கே எல்லாரும் பயன்படுத்தும் சேவை.

ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகவிடும் ஜேஆர் பாஸ் எடுக்கவில்லை. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. இவர்கள் போவதோ ஒரே ஒரு நீண்ட பயணம், ஆளுக்கு 14,000 யென் அளவில்.

போனபிறகு நடந்தது

முதல் நாளே சிக்கல். விமானம் காலை 8 மணிக்கு நரிதாவில் இறங்கியது. பத்தரைக்கு உவேனோ வந்துவிட்டார்கள். அறை தருவது மாலை 4 மணிக்கு. அது எங்களுக்குத் தெரியும். பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு வெளியே போகலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த விடுதியில் வரவேற்பில் ஆளே இல்லை. வாசலில் எண் அழுத்தித் திறந்து, உள்ளே ஒரு திரையில் பாஸ்போர்ட்டைக் காட்டி நாமே பதிந்துகொள்ளும் முறை. அறை தயாராகும்வரை பெட்டி வைக்க இடமில்லை. பதிவுப் பக்கத்தின் அடியில் அது எழுதப்பட்டிருந்தது. நான் வாசிக்கத் தவறிவிட்டேன்.

நிலையத்தின் பெரிய காசு லாக்கர்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. தேடித் தேடி வேறொரு வாசலில் இரண்டு கிடைத்தன. மூன்றாவது பெட்டியை இழுத்துக்கொண்டே திரிந்தார்கள். இரவு முழுக்கத் தூங்காத பாட்டி உவேனோ பூங்காவின் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கிவிட்டது. கணவர் எனக்குப் போன் செய்தபோது குரலில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. விடுதி நிர்வாகத்துக்கு ஜப்பானிய மொழியில் எழுதி நிலைமையைச் சொன்னேன். சுத்தம் செய்து முடித்துவிட்டோம், 3 மணிக்கே போகலாம் என்று பதில் வந்தது. அன்று பாட்டி வேறு எங்கும் போகவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து நினைத்தபடியே போனது. காலையில் எல்லோரும் சேர்ந்து போவார்கள். பன்னிரண்டு, ஒரு மணிக்குள் பாட்டியும் மகனோ மருமகளோ ஒருவருமாகத் திரும்பிவிடுவார்கள். குக்கரில் சோறு வைத்து, கடையில் வாங்கிய இனிப்பில்லாத தயிரை ஊற்றிப் பிசைந்து, ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாயோடு சாப்பாடு. ஒட்டிக்கொள்ளும் ஜப்பான் அரிசி சாம்பார் சாதத்துக்குச் சரிவராது. தயிர் சாதத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது. தூங்கி எழுந்து ஐந்து மணிக்கு மேல் ஷினோபாசு குளத்துக்கு மெதுவாக நடந்து போவார். குளத்தின் நடுவே பென்தென் கோயில் இருக்கிறது. பென்தென் என்னும் பென்சாய்தென் நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போனவள். இது தெரிந்தபின் பாட்டி நான்கு மாலை தொடர்ந்து போனார். எந்தப் பயணத் திட்டத்திலும் நாங்கள் இதைச் சேர்த்திருக்கவில்லை. அறை பக்கத்தில் இருந்ததால் நடந்தது.

கியோட்டோவிலும் இதே முறை கைகொடுத்தது. ஃபுஷிமி இனாரிக்கு நாரா தடத்தில் இரண்டாவது நிலையம். நிலையத்துக்கு எதிரிலேயே கோயில் வாசல். மற்றவர்கள் சிவப்பு வளைவுகளின் வழியே மலை ஏற, பாட்டியும் பேத்தியும் அடிவாரத்து நரிச் சிலைகளைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்துவிட்டார்கள். பிற்பகலில் சான்ஜூசன்கென்தோ கோயில். ஐந்து பேர் ஒரு சாதாரண டாக்ஸியில் ஏற முடியாது, இரண்டு எடுத்தார்கள். செலவுதான், ஆனால் நிலையத்திலிருந்து அருகில் என்பதால் அதிகமில்லை. கருணையின் போதிசத்துவரான கன்னோனின் ஆயிரத்தொரு சிலைகள் இருக்கும் அந்த நீண்ட மண்டபம் முழுக்கச் சமதளம். கன்னோன்களுக்கு முன்னால் காவல் தெய்வங்களாகப் பிரம்மாவும் இந்திரனும் நிற்கிறார்கள். பாட்டி அங்கே ஒரு மணி நேரம் இருந்தார்.

கியோட்டோவிலும் ஒன்றைத் தவறவிட்டேன். பிசினஸ் ஹோட்டல்களில் குளியலறை ஒரே பிளாஸ்டிக் அறையாக வார்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே நுழையவே ஒரு படி ஏற வேண்டும். குளிக்கத் தொட்டிக்குள் இறங்க வேண்டும், அதன் விளிம்போ முழங்கால் உயரம். டோக்கியோ அறையில் தொட்டிக்கு வெளியே நின்று குளிக்கத் தனி இடம் இருந்ததால் இது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாளும் மருமகள் கையைப் பிடித்து ஏற்றி இறக்கினார். ஒருநாள் கால் வழுக்கியது. பிடித்திருந்ததால் அடிபடவில்லை.

பெட்டிகள் ஞாயிறு மாலை ஒழுங்காக வந்து சேர்ந்தன. இரண்டு அறைகளும் ஒரே மாடியில் கிடைத்தன. ஒசாகா போகவில்லை. கடைசி நாள் நாராவா ஒசாகாவா என்றபோது மான்களைப் பார்க்க வேண்டும் என்ற பையனின் பிடிவாதம் வென்றது. ஒசாகா கோட்டையைப் பார்க்கவில்லை என்ற குறை கணவருக்கு இன்னும் இருக்கிறது. ஒசாகாவில் தங்கியிருந்தால் அவரும் பார்த்திருப்பார்.

கணக்கு

டோக்கியோ 1,88,000 யென், கியோட்டோ 93,000. கியோட்டோவின் தங்கல் வரி ஆளுக்கு இரவுக்கு 200 யென் வீதம் 3,000. டோக்கியோவில் ஆளுக்கு இரவுக்கு 10,000 யென்னுக்குக் கீழே என்பதால் வரி இல்லை. ஆக 2,84,000 யென், ஏறத்தாழ 1,65,000 ரூபாய். ஒதுக்கியதில் 15,000 மிச்சம். பெட்டி அனுப்பிய செலவு தனி.

பழைய பட்டியலையே புதிய தேதிக்கு எடுத்திருந்தால் 1,45,000-தான். அதைவிட 20,000 ரூபாய் கூடுதலாகவே கொடுத்தோம். இதை மறைக்க விரும்பவில்லை. அந்த 20,000-க்கு ஆறு மதியங்கள் கட்டிலில் படுக்க முடிந்தது, மாடிப்படி ஏற வேண்டியிருக்கவில்லை, உரிமமில்லாத வீட்டின் பயம் இல்லை. இளைஞர்கள் மட்டும் போயிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். அவர்களுக்கு மச்சியாவே நல்ல தேர்வு.

மறுபடி செய்வதென்றால்

இரவு விமானத்தில் காலையில் போய் இறங்குகிற குடும்பத்துக்கு, முதல் இரவுக்காவது வரவேற்பில் ஆள் இருக்கும் விடுதியைத்தான் எடுப்பேன். அல்லது பெட்டிகளை விமான நிலையத்திலேயே கூரியரில் கொடுக்கச் சொல்வேன். நரிதாவில் அதற்கான முகப்புகள் உண்டு. பெரும்பாலும் அன்றே வராது, மறுநாள்தான் வரும் என்பதால் முதல் இரவுக்கான துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆளில்லாத விடுதியில் அந்தப் பெட்டிகளை யார் வாங்குவார்கள் என்பதையும் முன்பே கேட்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

குளியலறைப் படம் இல்லாத அறையை முதியவர்களுக்குப் பதிய மாட்டேன். படம் இல்லையென்றால் விடுதிக்கே எழுதிக் கேட்பேன். தொட்டிக்கு வெளியே குளிக்க இடம் உண்டா, வாசலில் படி உண்டா என்ற இரண்டு கேள்வி போதும்.

கியோட்டோவுக்கு 3 இரவு குறைவு. டோக்கியோவில் ஒரு நாளைக் குறைத்து, சனிக்கிழமை விலையைத் தவிர்க்கத் தேதியை இன்னும் ஒருநாள் நகர்த்தியிருக்கலாம்.

இப்போது இதே அறைகளை எடுப்பவர்கள் ஒரு கணக்கை மாற்ற வேண்டும். கியோட்டோ 2026 மார்ச் 1 முதல் தங்கல் வரியை ஏற்றிவிட்டது. ஆளுக்கு இரவுக்கு 6,000 யென்னுக்குக் கீழே இருந்தால் பழைய 200-தான். 6,000 முதல் 20,000-க்குள் என்றால் 400. இந்தக் குடும்பம் கொடுத்தது ஆளுக்கு 6,200 யென். அதே அறைக்கு இன்று வரி 3,000 அல்ல, 6,000. பல பதிவுத் தளங்களில் காட்டும் விலையில் இந்த வரி சேராது. விடுதியில் சாவி வாங்கும்போது கேட்பார்கள்.